மூன்றாவது சில்லு

அதிர்ஷ்டத்தை இரும்பாகச் சேர்த்து வைத்த ஒரே மனிதர் எங்கள் குடும்பத்தில் மாமாதான். அம்மாவின் அண்ணன். கடற்கரையில் வள்ளங்களின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். அதில் மிஞ்சியதைக் கொண்டு அவர் வாங்கியவை வெள்ளைக்காரன் காலத்துச் சூதாட்ட மெசின்கள். காசைப் போட்டுப் பக்கத்தில் இருக்கும் கையைப் பிடித்து இழுத்தால், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று சில்லுகள் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்றிலும் ஒரே படம் வந்தால் அடிக்கிண்ணத்தில் காசு கொட்டும். மின்சாரம் வேண்டாம், உள்ளே எல்லாமே வில்லும் பல்லும்தான். மலையில் தோட்டத்துரைமார் குடித்த கிளப்பிலிருந்து ஒன்று, கப்பலில் வந்து துறைமுகத்தில் கைவிடப்பட்டது ஒன்று என்று நான்கு சேர்த்திருந்தார். எல்லாம் காத்தான்குடியில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பிடித்துக் கொடுத்தவை. உடைத்து நிறைக்கு விற்க வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, “தம்பி, உங்கட ஆள் ஒண்டு வந்து கிடக்கு” என்று சொல்லி அனுப்புவார்.

மாமா சேர்க்கத் தொடங்கியது ஆசையினால் அல்ல, கோபத்தினால். பதினெட்டு வயதில், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு கார்னிவலில், ஒரு மெசின் அவருடைய முதல் சம்பளத்தை முழுதாக விழுங்கிவிட்டது. பல வருடம் கழித்து அதே மெசினைக் காக்காவின் கடையில், நெற்றிக் கண்ணாடியிலிருந்த வெடிப்பை வைத்து அடையாளம் கண்டார். வாங்கிக் கொண்டுபோய்ப் பின்கதவைத் திறந்தார். சில்லு ஒவ்வொரு படத்திலும் நிற்பதற்கு அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். மூன்றாவது சில்லில், பெரிய பரிசுக்குரிய படத்தின் வெட்டுக்குள், நகத்தளவு பித்தளைத் தகடு ஒன்றை யாரோ மடித்துச் செருகியிருந்தார்கள். ஆயுள் முழுக்க இழுத்தாலும் சில்லு அந்த இடத்தில் நிற்காது. மாமா அதற்குக் கள்ளத்தகடு என்று பேர் வைத்தார். அதைப் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் திறந்து காட்டுவார். “இதச் செய்தவன் மனிசனே இல்ல” என்பார். நானே அந்தத் தகட்டை ஏழெட்டுத் தரம் பார்த்திருக்கிறேன்.

படங்கள் எல்லாம் சீமைப் பழங்கள். எங்களுக்கு அவற்றின் பேர் தெரியாது, தெரிந்த பேரை வைத்துக்கொண்டோம். சிவப்புப் பழம் ஜம்பு. மஞ்சள் பழம் தேசிக்காய். கருநீலம் நாவல்பழம். மணி மணிதான். கறுப்பில் வெள்ளை எழுத்து எழுதிய ஒன்று இருந்தது, அது கறுப்புப் பலகை. மூன்று ஜம்பு வந்தால்தான் பெரிய பரிசு. முதல் இரண்டு சில்லுகளில் ஜம்பு பல இடங்களில் இருந்தது. மூன்றாவதில் ஒரே ஓர் இடத்தில்தான்.

மாமாவுக்கு ஒரே மகன். எனக்கு மச்சான் முறை, என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே, காசுக்குப் பதில் இயந்திரத்துக்குப் போடும் பித்தளை வளையம், ஒரு வாசரைப் போட்டு, கார்னிவல் மெசினின் கையை இழுப்பான். மூன்று ஜம்பு வந்தால் அன்று பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை என்று மாமாவிடம் வாக்கு வாங்கியிருந்தான். பாவம், ஒருநாளும் வரவில்லை. அவனுக்குத்தான் என்னைக் கட்டிவைப்பார்கள் என்று பெரியவர்கள் பகிடி பண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறும். பகிடி பண்ணியவர்களைக் கடிக்க முடியாது, ஆகையால் அவனைக் கடிப்பேன். ஒருமுறை கடித்தது அவனுடைய இடது முன்கையில் பிறைபோலத் தழும்பாகவே நின்றுவிட்டது.

அந்தப் பக்கங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாமா இருந்தது மாமியின் சீதன வீடு, எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில். “அப்பா எனக்குத் தந்தது வீடு, உங்கட இரும்புக்குக் கொட்டில் இல்ல” என்று மாமி மாதத்தில் ஒருமுறையாவது சொல்லுவா. நாங்கள் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், வயலும் வரம்புமாக இருந்தோம். அது படுவான்கரை. கடல் ஊருக்குள் ஏறிய அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் வரைக்கும் வரவில்லை. வாவித் தண்ணீர் மட்டும் சட்டியை ஆட்டியதுபோல ஒருதரம் ஆடி நின்றது.

மாமா அன்று ஒரு இயந்திரத்தைப் பார்க்க வாவிக்கரைப் பக்கம் போயிருந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மாமியைத் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய் வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் செருகிவிட்டது, அங்கிருந்து யாரோ எடுத்தார்கள். மச்சான் வீட்டுக்குள் இருந்தான். அதன் பிறகு அவனை யாரும் காணவில்லை.

மாமியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மாமா இரவு பகல் இல்லாமல் தேடித் திரிந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வந்து, அம்மாவிடம் ஒரு வெள்ளைச் சீலை கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தா, எதற்கு என்று கேட்கவில்லை. பொழுதுபடத் திரும்பி வந்தவர் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். சீலை அவரிடம் இல்லை. அது அம்மாவின் கோயில் சீலை என்பதால் அதைப் பற்றி நான் மட்டும் கவலைப்பட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாமி எழுந்து நடந்தபோது, தன் வளவைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தா. நானும் போனேன். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. சுவரில்லை, கூரையில்லை, கிணற்றுக்கட்டைக்கூடக் காணோம். தரையின் நடுவில் கார்னிவல் மெசின் மட்டும், துடைத்து வைத்ததுபோல, நிமிர்ந்து நின்றது. அதன் முகம் கடலைப் பார்த்தபடி இருந்தது. முன்பு அது உட்புறம் பார்த்து நின்ற சாமான்.

மாமி கிட்டப் போய்க் கண்ணாடியைத் துடைத்தா. முதல் சில்லில் ஜம்பு. இரண்டாவதில் ஜம்பு. மூன்றாவது சில்லு தேசிக்காய்க்கும் ஜம்புக்கும் நடுவில், பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக நின்றது. மணல் இறுகி அப்படியே பிடித்துக்கொண்டதென்று மாமா சொன்னார். மாமி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“என்ட புள்ளதான் இழுத்தவன். சில்லு இன்னும் கிறுகி முடியல்ல” என்றா.

மெசினின் கை கீழே இறங்கியபடியே இருந்ததை அப்போதுதான் நான் கண்டேன்.

அதைப் படுவான்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றா மாமி. மாமா இரண்டு நாள் கடத்திப் பார்த்தார், மூன்றாம் நாள் ஒரு வண்டில் பிடித்தார். வாவிப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில், வில்லும் பல்லுமாக உள்ள பெட்டியைப் பார்த்த ஆமிக்காரர்கள் எங்களை ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். ஓர் இளம் ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு கையை இழுத்துப் பார்த்தான், அது அசையவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டான். மாமா கடல் இருந்த பக்கத்தைக் காட்டினார். அவன் சிரிப்பை நிறுத்தி, தன் ஊரும் தெற்கே கடற்கரைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தடையைத் தூக்கினான்.

நெல்லு மூட்டை அடுக்கும் அறையில் மெசினை வைத்தோம். மாமா மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, ஒரு கிழமையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். சில்லுகள் மறுபடி சுற்றின.

எங்கள் ஊரில் மனம் தெளியாத காரியத்துக்குக் கோயிலில் பூ வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் இலையில் மடித்து சாமிக்கு முன்னால் போட்டு, வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகாத ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். மாமி மூன்று கோயிலில் பூ வைத்துப் பார்த்தா, வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வந்தது. பிறகு அவ கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டா. ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தலை முழுக வைத்து, நெல்லறைக்குள் கூட்டிக்கொண்டு போனா. மெசினுக்கு முன்னால் கர்ப்பூரம் எரிந்தது.

“மருமோள், நினைச்சுக்கொண்டு இழு. மூண்டு ஜம்பு விழுந்தா அவன் வீட்டுக்கு வர வெளிக்கிட்டுட்டான் எண்டு அர்த்தம்.”

நான் இழுத்தேன். உள்ளே ஏதோ மூச்சு வாங்கியதுபோல ஒரு இரைச்சல் கேட்டது, பிறகு டக், டக், கொஞ்சம் பிந்தி இன்னொரு டக். ஜம்பு, நாவல், மணி. மாமி மூன்றாவது சில்லைத்தான் பார்த்தா.

“மணி. கோயிலடியில எங்கயோ இரிக்கான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இதுதான். மூன்றாவது சில்லில் மணி வந்தால் கோயிலடி. நாவல் வந்தால் காட்டுப்பக்கம். தேசிக்காய் வந்தால் காய்ச்சலாகக் கிடக்கிறான். கறுப்புப் பலகை வந்தால் எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள். இல்லை என்பதற்கு அந்த மெசினில் படமே இருக்கவில்லை. படம் விழுந்ததும் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். மணி என்றால் கோயில்களில் இருந்த அகதி முகாம்களைத் தேடி, நாவல் என்றால் இன்னும் தூரம். பொழுதுபட வந்து சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, “இல்ல. மறுகா பார்ப்பம்” என்பார். மாமி சோறு போட்டுக் கொடுப்பா. அந்த ஒரு நேரம்தான் அவவும் ஒழுங்காகச் சாப்பிடுவா.

அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. செத்த பிள்ளைக்கு அந்தியேட்டிக் கடமை செய்யாமல் இரும்பைக் கும்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். எனக்கோ பெருமை. வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் நெல்லறையைத் தனியாகக் கடந்துபோக மட்டும் பயந்தேன். யாரும் இழுக்காத நேரத்திலும் உள்ளே ஒரு டக் கேட்கும். எலி என்று அம்மா சொன்னா.

மூன்று நான்கு மாதம் போன பிறகு ஒரு விசயத்தைக் கவனித்தேன். முதல் சில்லில் ஜம்பு வருகிறது, இரண்டாவதில் வருகிறது, மூன்றாவதில் வருவதே இல்லை. பக்கத்தில் வரும், ஒரு துள்ளுத் துள்ளும், தேசிக்காய்க்குப் போய்விடும். மாமா வெளியே போயிருந்த ஒரு பின்னேரம், அவருடைய வேலைச் சாமான் பெட்டியிலிருந்து திறப்பை எடுத்துப் பின்கதவைத் திறந்தேன். சில்லைக் கையால் தள்ளிப் பார்த்தேன். ஜம்புவுக்கு நேரான வெட்டில், மடித்துச் செருகிய ஒரு பித்தளைத் தகடு புதிதாக மினுங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் செய்தவன் மனிசனே இல்லை என்று சொன்னவர் தானே செய்திருக்கிறார். மச்சான் வெளிக்கிடுவதை மாமாவே மறித்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன் எனக்கு யார்மேலும் வந்ததில்லை. தகட்டைப் பிடுங்கி என் கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி, முதல் இழுப்பிலேயே விழுந்தது. ஜம்பு. ஜம்பு. மூன்றாவது சில்லு மெதுவாக வந்து, துள்ளாமல், ஜம்புவில் நின்றது. கிண்ணத்தில் வாசர்கள் கொட்டத் தொடங்கின, அவை கொட்டி முடிய வெகுநேரம் எடுத்தது. அத்தனை வாசர் அதற்குள் யார் போட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தனை தரம் இழுத்தவன் ஒருவன்தான்.

மாமி எழுந்து போய் மச்சானுக்கென்று இறால் சொதி வைத்தா. வாங்கி வைத்திருந்த புதுச் சேட்டையும் காற்சட்டையையும் மடித்து எடுத்தா. சோற்றைக் கட்டிக்கொண்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல், பாலத்தடிக்கு நடந்தா. மாமா என்னைப் பார்த்தார். நான் வாசர்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் மெசினின் பின்புறம் போய் ஒரு நிமிசம் நின்றார், பிறகு வெளியே போய்விட்டார்.

பின்னேரம் வரைக்கும் மாமி பாலத்தின் இந்த முனையில் நின்று, எழுவான்கரையிலிருந்து வருகிற ஒவ்வொரு ஆளாகப் பார்த்தாவாம். ஆமிக்காரன் ஒருத்தன் கதிரை கொண்டுவந்து போட்டானாம், அவ இருக்கவில்லை. பொழுது சாயும் நேரம் மாமா கூட்டிக்கொண்டு வந்தார். சோறு கட்டியபடியே இருந்தது. அடுப்படியில் இருவரும் நிலத்தில் இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“இஞ்ச பார். அவன் வரமாட்டான்” என்றார் மாமா. “மூண்டாம் நாளே நான் கண்டுட்டன். ஆசுபத்திரிக்குப் பின்னால வரிசையாக் கிடத்தியிருந்தாங்க. முகம் தெரியல்ல. கையப் பார்த்தன். இந்தப் புள்ள கடிச்ச தழும்பு இருந்திச்சு. தங்கச்சிட சீலையில சுத்தி நானேதான் மண்கிடங்கில வச்சு மூடினன். நீ அப்ப அறிவில்லாமக் கிடந்தாய். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு…”

மாமி சோற்றுக்கட்டை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தா.

“அப்ப வெள்ளிக்கு வெள்ளி எங்க போனநீங்க?”

“அவனிட்டத்தான்.”

அதற்குப் பிறகு மாமியிடமிருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அதில் விளங்கியது இவ்வளவுதான்: காலைவரைக்கும் மச்சான் ஒரு கோயிலடியிலோ காட்டிலோ இருந்தான். நான் தகட்டைப் பிடுங்கி இழுத்தேன். பின்னேரம் அவன் செத்துப்போனான், அதுவும் நான் கடித்த அடையாளத்தோடு. நாட்கணக்காக உப்பைப் போட்டு வாயைக் கழுவினேன். யாருக்கும் சொல்லவில்லை. கடமைகளை ஆறு மாதம் பிந்திச் செய்தார்கள். படையலில் மாமி ஒரு தட்டு ஜம்புப்பழம் வைத்தா. நெல்லறைக்குள் அவ பிறகு கால் வைக்கவில்லை. மாமாவும் மெசின் ஒன்றும் வாங்கவில்லை. காக்கா ஒருநாள், கடல் கொண்டுபோன மற்ற மெசின்களில் ஒன்றின் துருப்பிடித்த கையைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

ஆமிக்கும் இயக்கத்துக்குமான சண்டை எங்கள் பக்கம் வந்தபோது வாவியைக் கடந்து ஓடினோம். மாதக்கணக்கில் கூடாரங்களில் இருந்துவிட்டுத் திரும்பினால், வீட்டில் ஓடில்லை, கதவில்லை, நெல்லு ஒரு மணிகூட இல்லை. மெசின் நின்றது. இந்தமுறை அது வாசலைப் பார்த்தபடி நின்றது.

பிறகு வடக்கே சண்டை எல்லாம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன வருடம் வந்தது. எங்கள் ஊர்களிலிருந்து அங்கே சண்டைக்குப் போய், போக வைக்கப்பட்டு, திரும்பி வராத பிள்ளைகள் எத்தனையோ. அவர்களுடைய தாய்மார் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். யாரோ பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனுசி மகளின் படத்தோடு வந்து, மெசினைக் கேட்டு எங்கள் படியில் இருந்தா. மாமி முடியாதென்றா. அவ போகவில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் அப்படியே இருந்தா. மத்தியானம் தாண்டியதும் மாமி உள்ளே வந்து என் முன்னால் கையை நீட்டினா.

“மருமோள், அந்தத் தகட்டத் தா.”

அது என்னிடம் இருப்பது மாமிக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப்போனேன். ஓடும்போதும் கைவிடாத கொம்பாஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாமி நெல்லறைக்குள் போய்ப் பின்கதவைத் திறந்து, சில்லைத் தள்ளி, ஜம்புவின் வெட்டைக் கண்டுபிடித்து, தகட்டைச் செருகி, குறட்டால் அழுத்தினா.

“அப்ப ஒருநாளும் மூண்டு ஜம்பு விழாதே மாமி” என்றேன்.

“ஓம். விழக்கூடா.”

எனக்கு அப்போது வயது பதின்மூன்று, பெரியபிள்ளையாகியிருந்தேன், ஆகையால் இழுக்கும் உரிமை போய்விட்டது. என் தங்கச்சியைத் தலை முழுக வைத்து நிறுத்தினார்கள். அந்த மனுசி படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொன்னா. தங்கச்சி இழுத்தாள். அதே மூச்சிரைப்பு, அதே மூன்று டக். மூன்றாவது சில்லு ஜம்புவுக்குப் பக்கத்தில் வந்து, துள்ளி, தேசிக்காயையும் தாண்டி மணிவரைக்கும் போய் நின்றது. கோயிலடியில் எங்கோ இருக்கிறாள் என்று மாமி சொன்னா. அந்த மனுசி முதல்தரம் தண்ணீர் கேட்டா. மாமி சோறே போட்டுக் கொடுத்தா.

தனக்குச் செய்த ஏமாற்றை மாமி இன்னொருத்திக்குச் செய்கிறா என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் மாமியோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அங்கே மாமா அந்தப் பிள்ளையின் படத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.